கடைக்காலுக்கு ஒரு கல்

பிராக், ஜிஷ்கொவ்
அக்டோபர் 28, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். போன வாரம் பேசும்போது பாதியில் சிக்னல் போய்விட்டது. நீங்கள் கடைசியாகக் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது: "ஏன்டா, வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனே அடிமையா வச்சிருந்தானா?" போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இன்று இந்தச் செக் நாட்டுக்காரர்களுடைய சுதந்திர நாள். எங்கள் உணவகத்துக்கும் விடுமுறை. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் என் பாடு. குளிர் ஆரம்பித்துவிட்டது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தோசை மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. ஹீட்டர் மேல் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைக்கிறேன். விடிந்ததும் மூடியைத் திறந்து பொங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை. அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்: இங்கே யாரும் செருப்போடு வீட்டுக்குள் வருவதில்லை. வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், விருந்தாளிக்கென்று தனியாக வீட்டுச் செருப்பு வைத்திருக்கிறார்கள். லிப்டில் முன்பின் தெரியாதவர் ஏறினாலும் 'தோப்ரீ தென்' என்று வணக்கம் சொல்வார். இன்று பெரிய கடைகள் எதுவும் திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாலும் உருளைக்கிழங்கும் நேற்றே வாங்கி வைத்துவிட்டேன். டிராம் வண்டிகளின் முன்னால் சின்னச் சின்னக் கொடிகள் கட்டியிருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது.

நான் குடியிருக்கும் தெருவுக்கு யெசெனியொவா என்று பெயர். மூலைச் சுவரில் சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். எட்டு மாதம் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். அது ஒரு மனிதருடைய பெயர் என்பது எனக்குத் தெரியாது. கீழ் வீட்டுப் பாட்டிதான் சொன்னார். எண்பது வயதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். எனக்குச் செக் மொழி வருகிறது என்றால் அவரால்தான். 'ர'வையும் 'ஷ'வையும் ஒரே நேரத்தில் நாக்கில் உருட்டுவது மாதிரி ஓர் எழுத்து இவர்களிடம் இருக்கிறது. அது எனக்கு வரும்வரை பாட்டி விடவில்லை. பதிலுக்கு நான் அவருக்கு 'ழ' சொல்லிக் கொடுக்கிறேன்.

யான் யெசெனியஸ் ஒரு மருத்துவர். 1600இல் இதே பிராகில் ஊரார் கண்ணெதிரே ஓர் உடலை அறுத்து, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று விளக்கிக் காட்டியவர். பின்னால் இங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அப்போது ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தை எதிர்த்து 1618இல் இந்த நாட்டுப் பிரபுக்கள் கிளர்ந்தார்கள். அவர்கள் சார்பில் வெளியூர்களுக்குத் தூது போய்ப் பேசியவர் யெசெனியஸ். 1620 நவம்பர் 8ஆம் தேதி நகரத்தின் மேற்கு ஓரத்தில் வெள்ளை மலை என்ற மேட்டில் சண்டை. சுமார் இரண்டு மணி நேரம்தான், எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 21ஆம் தேதி பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை. யெசெனியஸுக்கு முதலில் நாக்கை அறுத்தார்கள், அப்புறம்தான் தலையை. எதிர்த்துப் பேசிய நாக்காயிற்றே.

அந்தச் சதுக்கத்தில் நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் தரைக் கல்லிலேயே 27 வெள்ளைச் சிலுவைகளைப் பதித்திருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் தெரியாமல் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு காலை நேரம் கூட்டமில்லாதபோது போய் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போனால் கால் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம் அப்பா, வைத்திருந்தான். 300 ஆண்டுகள். ஆண்டவர்களுக்கும் ஆளப்பட்டவர்களுக்கும் ஒரே தோல் நிறம், பேச்சுதான் வேறு. எதிர்த்த பிரபுக்களின் நிலத்தைப் பிடுங்கி அரசருக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். 1627இல் வந்த சட்டம் செக் மொழிக்குச் சமமாக ஜெர்மனையும் கொண்டுவந்து உட்காரவைத்தது. அரசரின் பிரிவான கத்தோலிக்கத்துக்கு மாறாத பிரபுக்களும் நகரத்தாரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். அப்படிப் போனவர்களில் ஒருவர் கொமென்ஸ்கி, படம் போட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் புத்தகம் செய்த பெரிய ஆசிரியர். திரும்பி வர முடியாமல் ஹாலந்திலேயே இறந்தார். இன்று 200 கொருனா நோட்டில் அவர் முகம்தான். எனக்கு முதல் சம்பளம் வந்தபோது அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், யார் என்று அப்போது தெரியாது.

1780களில் இரண்டாம் ஜோசப் பேரரசர் வந்தார். பண்ணையடிமை முறையைத் தளர்த்தினார், மற்ற கிறித்தவப் பிரிவுகளையும் அனுமதித்தார், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அரசு வேலைக்கும் மேல்படிப்புக்கும் ஜெர்மன்தான் என்று ஆக்கிவிட்டார். செக் மொழி வயலுக்கும் குதிரை லாயத்துக்கும் சமையல்கட்டுக்கும் போய்விட்டது. சமையல்கட்டில் நிற்கிறவன் என்பதால் பாட்டி இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒரு மொழி அழிந்துபோகாமல் பிழைத்ததும் அந்த அடுப்படியில்தான்.

மார்ச்சில் அனுமதியைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவம் முழுக்கச் செக். ஜன்னலில் இருந்த அம்மையார் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை, மூன்று தடவை திருப்பி அனுப்பினார். கோபத்தோடு வந்து பாட்டியிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் படிவத்தை வாங்கி வரி வரியாகப் பூர்த்தி செய்து கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "உன் கோபம் நியாயம். ஆனால் இந்தக் காகிதம் எங்கள் மொழியில் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா?" 1897இல் பதேனி என்ற ஆஸ்திரியப் பிரதமர், பிராக் இருக்கும் பொஹீமியா பகுதியில் வேலை பார்க்கும் அதிகாரிகள் இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆணை போட்டாராம். செக்காரர்களில் படித்தவர்களுக்கு ஜெர்மன் ஏற்கெனவே தெரியும், ஜெர்மன்காரர்கள்தான் புதிதாகச் செக் படிக்க வேண்டும். வியன்னா நாடாளுமன்றத்தில் ரகளை, தெருவில் கலவரம். அந்த வருடமே பதேனியின் பதவி போனது, இரண்டு வருடத்தில் ஆணையும் போனது.

சண்டை போட்டு ஜெயிக்க முடியாத காலத்தில் இவர்கள் செய்த வேலை அகராதி எழுதியது. யுங்மன் என்பவர் 1834இலிருந்து 1839 வரை ஐந்து தொகுதியாகச் செக் ஜெர்மன் அகராதி கொண்டுவந்தார். பலாட்ஸ்கி இவர்களுடைய வரலாற்றை எழுதினார். 1836இல் முதல் தொகுதி வந்தது ஜெர்மனில், 1848இலிருந்துதான் செக்கில். 'தேசத்தின் தந்தை' என்கிறார்கள், 1000 கொருனா நோட்டில் இருக்கிறார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர்தான் உங்களுக்குப் பிடித்த தமிழறிஞர் கமில் சுவெலபில். 1968இல் ரஷ்யப் படை உள்ளே வந்த பிறகு அவரும் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர் பெயரைப் பாட்டியிடம் சொன்னபோது, "அப்படியென்றால் உங்கள் மொழி எங்களுக்குத் தெரியாத மொழி இல்லை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அப்பா.

இப்போது நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். வல்தவா ஆற்றங்கரையில் தேசிய நாடக அரங்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து 9ஆம் எண் டிராம் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். செக் மொழியில் நாடகம் போட ஓர் இடம் வேண்டும் என்று ஊர் ஊராகக் காசு திரட்டிக் கட்டியது. 1881 ஜூனில் திறந்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி கூரையில் வேலை நடந்தபோது தீப்பிடித்து, மேடையும் அரங்கும் கூரையும் போய்விட்டன. பாதி ஆயுள் சேர்த்த காசு ஒரே நாளில் சாம்பல். நாமாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். இவர்கள் மறுபடி உண்டியல் ஏந்தினார்கள். 47 நாளில் பத்து லட்சம் கில்டன் சேர்ந்தது. 1883 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் 'தேசம் தனக்குத் தானே' என்று எழுதியிருக்கிறது.

செப்டம்பரில் பாட்டி என்னை அங்கே சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். அடித்தளத்துக்கு இறங்கினால் கற்கள். 1868இல் அடிக்கல் நாட்டியபோது நாட்டின் பல மலைகளிலிருந்தும் வந்த கற்கள், ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் வெட்டியிருக்கிறது. முன்னோர் முதலில் வந்து நின்றதாகச் சொல்லும் ரீப் மலையின் கல்லும் இருக்கிறது. பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து ஒரு கல்லின் முன்னால் நிறுத்தினார். அது சிகாகோவிலிருந்து வந்தது. பிழைக்கப் போன செக்காரர்கள் அங்கிருந்து கப்பலில் அனுப்பிய கல். அதில் வெட்டியிருப்பதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'இரத்தம் சேர்த்ததைக் கடல் பிரிக்காது.' கல்லைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வெளியே வந்து டிராம் ஏறும்வரை என்னால் பேச முடியவில்லை. பாட்டியும் எதுவும் கேட்கவில்லை.

மீதிக் கதை வேகமாக நடந்தது. 1914இல் உலகப் போர் வந்தது. செக் பையன்களைப் பிடித்து ஆஸ்திரியப் படையில் சேர்த்து ரஷ்யாவுக்கு எதிராக அனுப்பினார்கள். பாட்டியின் தாத்தாவும் போனார். அங்கே பிடிபட்டு, பிறகு செக்காரர்களே சேர்ந்து அமைத்த செக் லீஜியன் படையில் சேர்ந்து, ஆஸ்திரியாவுக்கு எதிராகவே துப்பாக்கி பிடித்தார். போர் முடிந்தும் ஊர் வர முடியவில்லை. சைபீரியா முழுக்க ரயிலில் கடந்து விளாதிவஸ்தோக் துறைமுகம் போய், 1920 வரை கப்பல் கப்பலாக 60,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். சில கப்பல்கள் அமெரிக்கா வழியாக, சில நம் இந்தியப் பெருங்கடல் வழியாக. உரோமத் தொப்பி போட்ட அவர் படம் பாட்டி வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆதரவு திரட்டியவர் மசாரிக். அப்பா வண்டி ஓட்டியவர், அம்மா சமையல்காரி. பேராசிரியராகி, அறுபது வயதைத் தாண்டிய பிறகு நாட்டை விட்டு வெளியேறி, லண்டன், பாரிஸ், ரஷ்யா, அமெரிக்கா என்று நாலு வருடம் அலைந்தார். 1918 அக்டோபர் 28ஆம் தேதி காலை, ஆஸ்திரியா சமாதானத்துக்கு இறங்கிவந்துவிட்டது என்ற செய்தி பிராகில் பரவியது. சரணடைந்துவிட்டது என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். வென்சஸ்லாஸ் சதுக்கம் நிறைந்தது, ஹாப்ஸ்பர்க் அரசின் இரட்டைத் தலைக் கழுகுச் சின்னங்களைப் பிடுங்கிப் போட்டார்கள். இரத்தம் சிந்தவில்லை. தலைவர்கள் அன்று முதலில் கைப்பற்றியது எந்த இடம் தெரியுமா? தானிய அலுவலகம்! ஷ்வெஹ்லாவும் சோவ்குப்பும் காலையிலேயே போய் அதை எடுத்துக்கொண்டார்கள். ஊரே பசியில் கிடக்கும்போது தானியம் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. சோறு யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் நாடு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மசாரிக் டிசம்பரில் குடியரசுத் தலைவராகவே ஊர் வந்து சேர்ந்தார்.

இதையும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. செக்கோஸ்லோவாக்கியா என்ற அந்தப் புது நாட்டுக்குள் சுமார் 30 லட்சம் ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள். அன்று அவர்கள் வீட்டில் கொண்டாட்டம் இல்லை. 20 வருடத்தில் ஹிட்லர் அதையே சாக்காக வைத்து உள்ளே வந்தான். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோரைத் துரத்திவிட்டார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். "அவர்களுக்கும் இது ஊர்தானே" என்பார்.

இன்று மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. மாவை உருளையாக உருட்டி வேகவைத்து, கத்தி வைத்தால் அமுங்கிவிடும் என்று நூலைச் சுற்றி இழுத்து அறுக்கிறார். நான் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டு போனேன். பொடி காரம், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார், ஆனாலும் இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் நான் மட்டும் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும், தேசிய நினைவிடம் உள்ள வீட்கொவ் குன்றுக்கு ஏறிப் போனேன். காலையில் குடியரசுத் தலைவர் வைத்த மலர்வளையம் அங்கே இருந்தது.

பணம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். தை பிறந்ததும் கடைக்கால் தோண்டுவதாகச் சொன்னீர்களே, தேதி குறித்ததும் எழுதுங்கள். நான் வர முடியாது, லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ஸ்வெட்டரும் தங்கைக்குப் பென்சில் பெட்டியும் பார்சலில் வைத்திருக்கிறேன். அடியில் துணியில் சுற்றி ஒரு கல் இருக்கும், உள்ளங்கை அளவு. குன்றிலிருந்து இறங்கும்போது பாதையோரம் எடுத்தது. கொத்தனாரிடம் கொடுத்து, நீங்கள் காசு போடுகிற அதே மூலையில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
முத்து