கிணறு தம்பிக்குப் போன கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழின் கணினிப் பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுத்தை மவுஸால் இழுத்து இடம் மாற்றுவது பற்றி எழுதியிருந்தீர்கள். சொன்னதெல்லாம் சரி. ஆனால் கும்பகோணத்தில் பத்திரம் டைப் செய்து பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் பாதி விஷயம்தான் இருந்தது.

தேர்ந்தெடுத்த சொற்களின் மேலேயே இடது பட்டனை அமுக்கிப் பிடித்து நகர்த்தினால், அம்போடு சின்னதாக ஒரு கோடும் கூடவே வரும். அந்தக் கோடு நிற்கும் இடத்தில்தான் எழுத்து போய் உட்காரும். கன்ட்ரோல் விசையை அமுக்கியபடி விட்டால் நகல் மட்டும் போகும். அம்பின் பக்கத்தில் கூட்டல் குறி தெரியும். இதுவரை நீங்களும் எழுதியிருந்தீர்கள். விட்டுப்போனது ஒன்று உண்டு. இழுப்பது கிளிப்போர்டை, அதாவது காப்பி செய்தது தங்கியிருக்கும் தற்காலிக இடத்தை, தொடுவதே இல்லை. எழுதிக் கொடுப்பவர் முகவரியைக் காப்பி செய்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு ‘மேற்படி’யை இடம் மாற்றினாலும், அடுத்து பேஸ்ட் செய்யும்போது முகவரிதான் வரும். கட், பேஸ்ட் செய்தால் இந்த வசதி கிடையாது. ஒரே வரிக்குள் சொல்லை முன்பின் தள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று நானே சொல்வேன்.

அப்புறம் ஏன் புகார் என்றால், இந்த வசதி கேட்காமலே வேலை செய்கிறது. தேர்ந்தெடுத்த எழுத்தின் மேல் பட்டன் அமுங்கியிருக்கும்போது மவுஸ் நாலைந்து பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை இழுப்பு என்று எடுத்துக்கொள்ளும். தேய்ந்த மவுஸும் லேப்டாப் டச்பேடும் இதற்கென்றே பிறந்தவை.

போன வருஷம் எங்கள் கடையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். ‘அ’ ஷெட்யூல், அதாவது சொத்து விவரப் பட்டியல், அண்ணனுக்கு, ‘ஆ’ ஷெட்யூல் தம்பிக்கு. கிணறு, மோட்டார், மின் இணைப்பு மூன்றும் ஒரே வரியாக ‘அ’ ஷெட்யூலின் கடைசியில் இருந்தன. புதிதாகச் சேர்ந்த பையன் டச்பேடில் ஏதோ திருத்தும்போது அந்த வரி இரண்டு வரி கீழே நழுவி, ‘ஆ’ ஷெட்யூல் தலைப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. வேர்டு ரொம்பப் பொறுப்பாக முன்னும் பின்னும் இடைவெளியைக்கூடச் சரிசெய்து வைத்திருந்தது. வாக்கியம் சரி, எழுத்துப்பிழை இல்லை, சிவப்புக் கோடு இல்லை. கிணறு மட்டும் தம்பிக்குப் போய்விட்டது.

வரைவை இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டும்போது அண்ணன் வீட்டம்மா, “எங்க கிணறு எங்க?” என்று கேட்டாரே, அதனால் தப்பித்தோம். அப்படியே பதிவாகியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும், எல்லோரும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் தம்பிக்குக் கிணறு பிடித்துப்போயிருந்தால்?

கன்ட்ரோல் இசட் அடித்தால் செய்தது ரத்தாகிப் பழையபடி ஆகிவிடும் என்பார்கள். நழுவியதைப் பார்த்தால்தானே அடிப்பதற்கு! இழுத்துக்கொண்டிருக்கும்போதே எஸ்கேப் அமுக்கினால் எழுத்து பழைய இடத்திலேயே நிற்கும் என்பதும் உண்மை. அதுவும் இழுக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்குத்தான்.

எங்கள் கடையில் இப்போது எல்லாக் கணினியிலும் இதை அணைத்துவிட்டோம். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் ‘அலோ டெக்ஸ்ட் டு பி டிராக்டு அண்ட் டிராப்டு’ என்ற வரி இருக்கும். அதன் முன்னே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். வீட்டில் கதை, கட்டுரை எழுதுகிறவர்கள் அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷெட்யூல், சர்வே எண், நான்கெல்லை என்று எழுதுகிற இடத்தில் அணைத்துத்தான் ஆக வேண்டும்.

இடம் மாற்றுவதற்கு எஃப்2 இருக்கிறது. தேர்ந்தெடுத்து எஃப்2 அமுக்கினால் எங்கே நகர்த்த வேண்டும் என்று வேர்டு கீழே கேட்கும். போக வேண்டிய இடத்தில் கிளிக் செய்து என்டர் தட்ட வேண்டும். மூன்று முறை யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதால் தானாக நடக்காது, கிளிப்போர்டும் கலையாது. இதைப் பற்றியும் கணினிப் பக்கத்தில் நாலு வரி போட்டால் என்னைப் போன்ற கடைக்காரர்கள் வெட்டி எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு பத்திரத் தட்டச்சர்,
கும்பகோணம்.