பறவைக்கும் ஹிப்போகாம்பஸ் உண்டு: பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உயிரியல் பாடநூல் குழுவினருக்கு, வணக்கம்.

நினைவாற்றல் பாடத்தில் பறவையைச் சேருங்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. சரி, மறுபடி எழுதுகிறேன். இந்த முறை எழுத வைத்தது ஒரு விடைத்தாள்.

நினைவு பதியும்போது நரம்பிணைப்புகளில், அதாவது நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களில், என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு என் மாணவி ஒருத்தி புறாவை வைத்து விடை எழுதியிருந்தாள். நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸை மெல்லிய சீவலாக வெட்டி, செல்கள் சாகாமல் ஆக்சிஜன் கலந்த உப்புக்கரைசலில் வைத்து, கிடுகிடுவென்று மின்துடிப்புகள் கொடுத்தால், அதற்கப்புறம் கொடுக்கும் ஒற்றைத் துடிப்புக்கும் முன்னைவிடப் பெரிய பதில் வருகிறது, அந்தக் கூடுதல் பலம் உடனே மறையாமல் தங்குகிறது என்று அழகாக எழுதி, பறவையில் அந்தப் பகுதி மூளையின் மேற்புறத்தில் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதைப் பென்சிலால் படமும் போட்டிருந்தாள். அத்தனையும் சரி. படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் பூஜ்யம். கேட்டால், விடைக்குறிப்பில் எலி மட்டும்தான் இருக்கிறதாம்.

ஐயா, அம்மா, இந்த வலுப்படுதலை பிளிஸ், லோமோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-ல் விரிவாகக் காட்டியதே முயலில்தான். பறவையிலும் 1990களிலேயே பதிவாகிவிட்டது. அதற்காக எலியின் கதையை அப்படியே பறவைக்கு ஒட்டச் சொல்லவில்லை. எலியில் நாம் படிக்கும் அடுக்கடுக்கான அமைப்பு பறவையில் அவ்வளவு தெளிவாக இல்லை, நரம்பிணைப்பில் வேதிச்செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் பங்கும் அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. வேறுபட்ட மூளையிலும் அனுபவத்தால் இணைப்பு பலப்படுகிறது என்பதுதானே பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது? அதைச் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சிக்கடி என்ற சின்னஞ்சிறு குருவி விதைகளை ஒளித்துவைத்துத் தேடி எடுக்கும். ஒவ்வொரு முறை ஒளிக்கும்போதும் அதன் ஹிப்போகாம்பஸில் தனித்தனிச் செல்கூட்டம் துடிக்கிறது, எடுக்க வரும்போது அதே கூட்டம் மறுபடி துடிக்கிறது என்று 2024-ல் ஆய்வுக்கட்டுரை வந்தது. அந்தக் கூட்டத்தைப் பிடித்துவைப்பது எது என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் பேச்சு நேராக நரம்பிணைப்புக்கு வந்துவிடும். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? ஆனால் பதிப்புக்குப் பதிப்பு அட்டை மாறுகிறது, பறவை மூளை என்றாலே இயல்பூக்கம் என்ற அந்தப் பழைய வரி மட்டும் அசைவதில்லை. ஆசிரியர்கள் சொன்னால் கேட்பாரில்லை, தண்டனை பிள்ளைகளுக்கு.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். அடுத்த பதிப்பில் பறவையின் ஹிப்போகாம்பஸுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். அதுவரை காத்திருக்காமல், விடைக்குறிப்பில் "பறவையை வைத்து எழுதினாலும் மதிப்பெண் தருக" என்று ஒரு வரியை இப்போதே சேர்த்துவிடுங்கள். அந்த விடைத்தாளையும் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்