செயலாளர் அறிக்கை: ஊர்ப் பட்டியலும் நம் பட்டியலும்

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் சமூக மன்றத்தில் நடந்தது. கடைசிப் பந்திக்குப் பாயசம் இல்லை, மன்னிக்கவும். தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியதெல்லாம் காலத்தோடு போய்விட்டது.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேச வைத்தது கிசான் பணம். மார்ச் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "அண்ணே, நம்ம ஊர் லிஸ்ட்ல என் பேரும் இருக்கு" என்று கைப்பேசியை நீட்டினார். 2019 பிப்ரவரியில் இந்தியாவில் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில், நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. வருமான வரி கட்டுவோருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் தகுதியில்லை. இவரோ பதினைந்து வருஷமாக இங்கே சிங்கப்பூரில். நடந்தது இதுதான்: தம்பி இவர் பெயரில் எழுதிப்போட்டிருக்கிறார், பணம் பழைய கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் அதைத் திருப்பிக் கட்டிவிட்டார். தம்பியோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் யார் பெயர் இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். அதனால்தான் இது தெரியவந்தது. 2020இல் தமிழ்நாட்டில் அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, தனியார் கணினி மையங்களிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்களைச் சேர்த்த கதை நினைவிருக்கும். சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு.

அன்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வியை இங்கே பதிவுசெய்ய வேண்டும். "பட்டா வச்சிருக்கவன் பேரு இருக்கு, சரி. குத்தகைக்கு உழுறவன் பேரு எங்கே?" யாரும் பேசவில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு ஊரில் நிலம் உண்டு. சேற்றில் இறங்குவது வேறொருவர். பட்டா இல்லாத குத்தகைதாரருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. பட்டியல் திறந்து கிடந்தால் தப்பாக வாங்கியவரைப் பிடித்துவிடலாம். வாங்க வேண்டியவர் விட்டுப்போனால் அது எந்த வரியிலும் தெரியாது.

அப்புறம்தான் பேச்சு நம் சங்கம் கொடுக்கும் கல்வி உதவித்தொகைக்குத் திரும்பியது. அதை வாங்குவோர் பட்டியலையும் பெயரோடு வெளியிட வேண்டும் என்று இளையவர்கள் சிலர் கேட்டார்கள். 2020இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒன்பது பண்ணைகளுக்கு 39.4 மில்லியன் வெள்ளி மானியம் அறிவித்தபோது யார் யாருக்கு என்று பெயர் சொல்லித்தானே அறிவித்தது என்றார்கள். நியாயம்தான். ஆனால் அவை நிறுவனங்கள். ஜெர்மனியில் ஒரு பண்ணைக் கூட்டாளி அமைப்பும் ஒரு விவசாயியும் போட்ட வழக்கில், தொகை, காலம் எதையும் பாராமல் மானியம் வாங்கிய தனிநபர் பெயர்களை மொத்தமாக இணையத்தில் போடுவது செல்லாது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. பின்னர் வந்த விதியில் 1,250 யூரோவரை வாங்கும் சிறு விவசாயிகளின் பெயரை மறைத்து மற்றவற்றை வெளியிட்டார்கள். உதவி கேட்டு வரும் பிள்ளையின் பெயர் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குடும்பம் அடுத்த முறை கேட்கவே வராது.

ஆகவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: தகுதி விதிகள், மொத்தத் தொகை, எத்தனை பேருக்கு என்பது உறுப்பினர் அனைவருக்கும் தெரிவிக்கப்படும். பெயர்ப் பட்டியலைச் செயற்குழுவுக்கு வெளியே நீங்கள் தேர்ந்தெடுக்கும் இருவர் சரிபார்ப்பார்கள். செயற்குழுவினரின் உறவினர் வாங்கினால் மட்டும் பொதுக்கூட்டத்திலேயே சொல்லப்படும்.

தீர்மானம் நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போன ஆண்டு என் அக்கா மகனுக்கும் கிடைத்தது. தகுதி இருந்தது, ஆனால் அந்த விண்ணப்பத்தைப் பேசியபோது நான் அறையைவிட்டு எழுந்து போகவில்லை. இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்