ஏவுகணைச் செய்திகளில் விடுபடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். உங்கள் ஏவுகணைச் செய்திகளைப் பார்த்துவிட்டு, "மிஸ், குரூஸ் ஏவுகணை கிபிர் மாதிரியோ?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போர்க்காலத்தில் குண்டு போட்ட கிபிர் விமானங்களின் கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வேறெப்படிக் கேட்பார்கள்?

விமானி இல்லாத, திரும்பி வராத சிறு ஜெட் விமானம் என்றே அவர்களுக்குச் சொல்கிறேன். பாலிஸ்டிக் ஏவுகணை எறிந்த கல்லைப்போல உயரப் போய் விழும். குரூஸ் ஏவுகணையோ கடைசிவரை எஞ்சின் ஓட, நிலத்தை ஒட்டித் தாழப் பறக்கும். அதனால் ரேடாரில் இலகுவாக அகப்படாது. 1991 வளைகுடாப் போரில்தான் முதன்முதலாகப் போரில் ஏவப்பட்ட டோமாஹாக் என்ற அமெரிக்கக் குரூஸ் ஏவுகணை மணிக்கு ஏறத்தாழ 880 கி.மீ. வேகத்தில் போகும், சுமப்பது சுமார் 450 கிலோ வெடிமுனை. தன்னுள் பதிந்த நிலப்படத்தையும் செய்மதியையும் கொண்டு வழி பிடிக்கும்.

ஆனால் இலக்கைக் குறிப்பவர் மனிதர். 1998 ஓகஸ்டில் சூடானின் கார்ட்டூமில் ஒரு மருந்துத் தொழிற்சாலையை டோமாஹாக்குகள் தகர்த்தன. இரசாயன ஆயுதத்துக்கான பொருள் அங்கே இருந்ததென்றது அமெரிக்கா. அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஏவுகணை குறி தவறவில்லை.

பங்கருக்குள் இருந்து படித்தவள் நான். வேகத்தையும் தூரத்தையும் படத்தோடு போடுகிறீர்கள். விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.

பௌதிக ஆசிரியை,
கிளிநொச்சி