தலைமையாசிரியர் கடிதம்: ஒன்பதாம் வகுப்பின் நீலகிரிப் பயணம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு நாள் நீலகிரிக்கு அழைத்துப் போகிறோம். "ஊட்டிதானே, நாங்களே கூட்டிக்கொண்டு போய் வந்தாச்சே" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் படகு, சாக்லேட் கடை, போட்டோ என்று பத்து இடம் ஓடுகிற பயணம் இல்லை இது. பவானிசாகரில் தேங்கி நம் கீழ்பவானி வாய்க்காலில் வருகிற தண்ணீர் எந்த மலையிலிருந்து இறங்குகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் போகிறோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய பாதை இது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டை போட்டிருக்கிறார்கள், என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அதுவும் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்.

இரவு கோத்தகிரியில் தங்கல். அங்கே லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது. 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். உள்ளே நுழைந்தால் குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி, காலடியில் மெத்தென்று இலைமக்கு. அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை அது எப்படிச் சிறிது சிறிதாக விடுகிறது என்று பாடப்புத்தகத்தை விட அது நன்றாகச் சொல்லும்.

அப்புறம் கோடநாடு காட்சிமுனை. மேகம் விலகினால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா வயல்கள், தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு. நம் அணையை மேலிருந்து பார்க்கிற அந்த இடத்தில் அவசரப்படுத்தவே மாட்டோம்.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா மட்டும். இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரம், அதாவது கல்லாகவே மாறிப்போன மரம், அங்கே கிடக்கிறது. பூங்காவுக்கு மேலே தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கோடு எதுவும் வரையாமல் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்கிறார்கள், கணக்குப் பிடிக்காத பிள்ளைகள் அவசியம் பார்க்கட்டும். அது மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, கோயில் பக்கம் நெருங்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

ஜனவரியில் உறைபனி விழும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் கட்டாயம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம், எறிந்த பாக்கெட்டைக் குரங்கு தின்கிறது. வளைவுகளில் வாந்தி வருகிற பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற பெற்றோரிடம் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியைகள் கூடவே வருகிறார்கள், இரவில் பெண் பிள்ளைகளின் அறையிலேயே தங்குவார்கள். தயவுசெய்து தடுக்காதீர்கள். பணம் கட்ட முடியாதவர்கள் என்னிடம் நேரில் சொல்லுங்கள், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பணத்தால் ஒரு பிள்ளை கூட நிற்கக் கூடாது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, மருந்து ஏதாவது சாப்பிடுகிற பிள்ளை என்றால் அதையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்