முதல் ஊசிக்கு முன்னால் முழுச் செலவையும் எழுதிக் கொடுங்கள்: சேலத்துப் பல் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் பல் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா ஏற்காட்டில் இருக்கிறார். தாடை எலும்புக்குள் இம்ப்ளாண்ட் என்கிற திருகைப் பதித்து அதன் மேல் பல் செட் மாட்டுவது எப்படி, எத்தனை மாதம் ஆகும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போவது மொத்தம் எவ்வளவு ஆகும் என்கிற ஒரு விஷயம்தான். அதை முதல் ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன புதன்கிழமை நடந்தது இது. அம்மாவின் கீழ் செட்டுக்குள் இருந்து அதை இம்ப்ளாண்டோடு பிடித்துவைக்கிற நைலான் கேப் இரண்டும் தேய்ந்து, செட் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டது. மாட்டிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. மாற்றப் போனால் இரண்டுக்கும் சேர்த்து 3,200 ரூபாய் என்றார் கவுண்டரில் இருந்த பெண். இது தேயும் என்று யாருமே சொல்லவில்லையேம்மா என்றேன். "எல்லாருக்கும் தேயுங்கண்ணா, வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்" என்றார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தெரிந்ததைச் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் தேய்கிற பொருள் என்றால் அது எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா?

அம்மாவுக்குப் பல் முழுக்கப் போய் எட்டு வருடம். மேல் செட்டில் பிரச்சினையே கிடையாது, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழ் செட்தான் படாத பாடு படுத்தியது. பல் இல்லாத கீழ்த்தாடை எலும்பு வருடா வருடம் கரைந்து தட்டையாகிக்கொண்டே போகும், செட் உட்கார இடம் கம்மி, அதிலும் நாக்கு ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். நன்றாகவே விளக்கினார். அம்மா சேலத்துக்கு இறங்கினால், தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தரும் நம் ஊர் தட்டுவடை செட் ஒன்று சாப்பிடாமல் மலை ஏறியதில்லை. பல் போன பிறகு கடைக்காரரிடம் தட்டுவடையை நொறுக்கித் தரச் சொல்லி, சட்னியில் ஊறவிட்டு, ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதுவும் முடியாமல் கேரட் பீட்ரூட் துருவலை மட்டும் மென்றுவிட்டு மிச்சத்தை என் மகள் பக்கம் தள்ளினார். அன்றைக்குத்தான் இம்ப்ளாண்ட் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வைத்தியத்தில் எனக்குக் குறையே இல்லை. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதில் செட்டை மாட்டுவதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே சொல்லியிருக்கிறார்கள். நாலு இம்ப்ளாண்ட் போட்டுக் கழற்றாத மாதிரி நிரந்தரமாகப் பொருத்துவதும் இருக்கிறது, அது பல மடங்கு செலவு, அம்மாவுக்குத் தேவையில்லை என்று டாக்டரே சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

"ரெண்டு இம்ப்ளாண்ட் செட் எழுபதாயிரம் ஆகும்" என்றார். வாயால் சொன்னதுதான். செட் என்றால் எங்களுக்குப் பல் செட். அவருக்கு அது இரண்டு இம்ப்ளாண்ட் மட்டும். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் கணக்கு மொத்தமும் தப்பிப்போனது. ஸ்கேன் 3,500 தனி. எலும்பு மெலிசாக இருக்கிறது, எலும்புப் பவுடர் வைக்க வேண்டும் என்று 15,000. இம்ப்ளாண்ட் எலும்போடு சேர்ந்து பிடிக்க நாலு மாதம் காத்திருந்து போனால், செட்டைப் பிடித்துக்கொள்கிற லாக் இரண்டுக்கும் 18,000. பழைய செட்டில் இது பொருந்தாது, புதுசு செய்யணும் என்று 22,000. புது செட் நடுவில் உடையாமல் இருக்க உள்ளே உலோக வலை வைக்க 6,000. கூட்டிப் பார்த்தால் 1,34,500 ரூபாய். இதில் எதுவுமே அநியாய விலை என்று நான் சொல்லவில்லை, சொல்லும் அளவுக்கு எனக்கு விவரமும் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த நாள் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த லாக் மாட்டும் நாளை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்கு நாலைந்து வளைவிலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். வாந்தியோடு செட்டும் ஜன்னல் வழியாகப் போய்விடும் என்ற பயத்தில், பஸ் ஏறும்போதே இரண்டு செட்டையும் கழற்றி, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு சின்ன டிபன் டப்பாவில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். கிளினிக்கில் உட்கார்ந்த பிறகுதான் 18,000 இன்றைக்கே கட்ட வேண்டும், அது இம்ப்ளாண்ட் ரேட்டில் வராது என்றார்கள். என் பையில் 4,000 இருந்தது. சரி, அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷி அந்த 20 வளைவையும் இறங்கியிருக்க வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அம்மா தோட்டைக் கழற்றச் சொன்னார். கல்யாணத்துக்குப் போட்ட தோடு, நாற்பது வருடத்துக்கு மேலாகக் கழற்றாதது, திருகாணி இறுகிப்போயிருந்தது. தினமும் எத்தனையோ கொலுசுத் திருகாணியைக் கழற்றி மாட்டுகிற கை, அன்றைக்கு அம்மா காதருகில் நடுங்கியது. பக்கத்தில் பூ விற்ற அக்கா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொடுத்தார். ஒரு காது வந்தது, இன்னொரு காது வர அரை மணி நேரம் ஆனது. அதை அடகு வைத்துத்தான் அடுத்த வாரம் லாக் மாட்டினோம். தோடு இன்னும் திரும்பி வரவில்லை.

எங்கள் தொழிலைப் பாருங்கள். ஒரு ஜோடி கொலுசு வாங்க வருகிறவருக்கு எடை எவ்வளவு, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, சேதாரம், கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித்தான் சீட்டு கொடுக்கிறோம். வெள்ளி விலை தினமும் ஏறி இறங்குகிறது, அப்படியும் எழுதுகிறோம். வாய்க்குள் நடக்கிற வேலையில் முன்கூட்டியே எல்லாம் தெரியாது என்பது எனக்கும் புரிகிறது. அப்படியானால் "எலும்பு போதவில்லை என்றால் இவ்வளவு வரை கூடலாம்" என்று அதையும் எழுதிவிடுங்களேன். கூடுவதற்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. என்ன வரும் என்று தெரிந்தால் சீட்டுப் பணம் எடுப்பதா, இன்னும் ஆறு மாதம் பொறுப்பதா, இல்லை பழைய செட்டுக்கே அடியில் திரும்ப மெட்டீரியல் போட்டுச் சமாளிப்பதா என்று நாங்கள் யோசித்து முடிவு செய்துகொள்வோம்.

இன்னொன்றும் அந்தத் தாளில் வேண்டும். அந்த 3,200-ஐக் கேட்டுவிட்டு வேறொரு கிளினிக்கில் விசாரித்தேன். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த கம்பெனி இம்ப்ளாண்ட்?" எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி லாக் மாறும், கேப் மாறும், கழற்றுகிற சாவி கூட மாறும், தெரியாமல் கை வைக்க முடியாது என்றார். இம்ப்ளாண்ட் வருகிற டப்பாவிலேயே கம்பெனி பெயர், அளவு, பேட்ச் நம்பரோடு ஸ்டிக்கர் இருக்குமாமே, அதை ஒட்டிக் கொடுத்திருப்பார்களே என்றார். ஒரு ஃபேனுக்கே வாரண்டி கார்டு தருகிறார்கள். அம்மாவின் எலும்புக்குள் இருப்பது என்ன என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை. அந்தக் கிளினிக்கை நடத்துகிறவர் நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டால் நாங்கள் யாரிடம் போவது?

சொல்ல ஆரம்பித்தால் நிறைய வருகிறது. காப்பீட்டு அட்டையை நீட்டினேன், இதற்குச் செல்லாது என்றார்கள். பல்லுக்கு வெளிநோயாளியாகச் செய்யும் வைத்தியத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் விபத்து என்றால் மட்டுமே ஏற்கின்றன. சாப்பிட முடியாமல் மெலிந்து போவதை நோய் என்று யார்தான் எண்ணுகிறார்கள்? முதியோர் உதவித்தொகையை 2023-இல் மாதம் 1,200 ஆக்கினார்கள். அதை நம்பியிருக்கிற ஒருவருக்கு இரண்டு நைலான் கேப் என்பது கிட்டத்தட்ட மூன்று மாதப் பணம். சாலையில் போனால் தவணைத் திட்ட விளம்பரம், ஒரு இம்ப்ளாண்டுக்கு இவ்வளவுதான் என்று பெரிய எண்ணில் போர்டு. அந்த எண்ணில் லாக் உண்டா, செட் உண்டா, வருடாந்திரச் செலவு என்ன என்று எந்த போர்டிலும் நான் பார்க்கவில்லை. மத்திய அரசின் 2012 மருத்துவ நிறுவன விதிகள் கட்டணத்தை வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. நம் மாநிலத்துக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருப்பதால் அந்த விதி இங்கே நேரடியாக வருவதில்லை.

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட நான் வரவில்லை, சட்டம் சொல்லித்தான் நீங்கள் செய்ய வேண்டும் என்றும் இல்லை. உங்கள் கையால்தான் அம்மா இன்றைக்கு முறுக்கு கடிக்கிறார். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். ஸ்கேன், இம்ப்ளாண்ட், லாக், செட், பிறகு வருடா வருடம் மாற்ற வேண்டியவை, இடையில் கூடக்கூடியவை எல்லாவற்றையும் முதல் ஊசிக்கு முன்னால் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இம்ப்ளாண்ட் வைத்த அன்றைக்கே அந்த ஸ்டிக்கரையும் அதில் ஒட்டிவிடுங்கள்.

சித்திக்கும் கீழ் செட் நிற்பதில்லை. ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறார், அம்மாவைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஆசை வந்திருக்கிறது. காபி பழம் பறிப்பு முடிந்து கூலி கைக்கு வந்ததும் உங்களில் யாராவது ஒருவரிடம் அவரை அழைத்துக்கொண்டு வருவேன். நாற்காலியில் சாய்வதற்கு முன் அந்தத் தாளைக் கேட்பேன். தயவு செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கொலுசுப் பட்டறைக்காரன்