ஐயாவைப் பார்க்க வருவதானால்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். வீட்டுக் கடன் பற்றிக் கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன், இப்போது நம் தமிழ் ஐயா விஷயம். மார்ச் கணக்கு முடிந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். மார்ச் வரை தள்ளாதே, இந்த மாதமே வா.

அவருக்கு வந்திருப்பது மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் செத்துப்போகிற நோய். டாக்டர் சீட்டில் ஏ.எல்.எஸ். என்று இருக்கும். பலருக்குக் கைகாலில் ஆரம்பிக்கும். இவருக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது, அதனால் முதலில் போவது பேச்சு. இந்த நோயில் பெரும்பாலோருக்கு அறிகுறி தெரிந்ததிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள், தொண்டையில் ஆரம்பித்தால் பெரும்பாலும் இன்னும் குறைவு. 1963-ல் நோய் தெரிந்த ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை இருந்தாரே என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். அது அபூர்வம், அதை நம்பி லீவைத் தள்ளிப்போட முடியாது. ரிலுசோல் மாத்திரை 50 மி.கி. காலையும் இரவும் போகிறது. அது சில மாதம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, புத்தியும் தெளிவு. வருகிறவர்கள் உரக்கக் கத்துகிறார்கள், இல்லாவிட்டால் அவரை விட்டுவிட்டு ஐயா வீட்டு அம்மாவிடம் "சாப்பிடறாரா?" என்று கேட்கிறார்கள். நாற்காலியை அவர் கண்மட்டத்துக்குப் போட்டு அவரிடமே பேசு. நடுவில் காரணமில்லாமல் சிரிப்போ அழுகையோ பீறிட்டு வரலாம். அது நோயின் வேலை, நீ சொன்ன எதற்குமான பதில் இல்லை. ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்.

பேச்சு இப்போதே பாதி புரிவதில்லை. அதற்கு ஒரு எழுத்து அட்டை வேண்டும், அதை நீதான் செய்து கொண்டுவர வேண்டும். 247 எழுத்தையும் வரிசையாகக் காட்டினால் ஆள் களைத்துப்போவார். அவர் நமக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தையே வைத்துச் செய். மேல் வரிசையில் க ச ட த ப ற, அதன் கீழ் ங ஞ ண ந ம ன, அதற்கும் கீழ் ய ர ல வ ழ ள. பக்கத்தில் குறில் ஐந்து, நெடில் ஏழு, ஒரு புள்ளி. ஓரத்தில் ஜ ஷ ஸ ஹ. "வல்லினமா?" என்று கேள். கண்ணை மேலே தூக்கினால் ஆம், தூக்காவிட்டால் இல்லை. கண் சிமிட்டுவதை அடையாளமாக வைக்காதே, தானாகச் சிமிட்டுவதும் அதுவும் கலந்துவிடும். இனம் தெரிந்ததும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல், பிறகு குறிலா என்று கேள். உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும், புள்ளி எழுத்து முதலில் வராது. அதனால் "உயிரா?" என்ற கேள்வி முதல் எழுத்துக்கு மட்டும், "புள்ளியா?" இரண்டாவது எழுத்திலிருந்து. "போதும்" என்பதில் "போ" மட்டுமே 14 கேள்வி. கிடைத்ததை உடனுக்குடன் தாளில் எழுது, மனசில் வைத்துக்கொண்டால் மூன்றாவது எழுத்தில் தொலைத்துவிடுவாய். சொல்லை நீயே ஊகித்து முடிப்பதற்கு முன் முடிக்கலாமா என்று கேட்டுக்கொள். சில பேருக்கு அது பிடிக்காது, ஐயாவுக்குப் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். "வலி", "சளி", "திருப்பிப் படுக்க வை", "தப்பு, முதலிலிருந்து" ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் அட்டையின் அடியில் எழுதிவிடு.

ஆப்பிள், பிஸ்கட், சாத்துக்குடி வாங்கி வராதே. தண்ணி மாதிரி இருப்பது தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், இருமித் தள்ளத் தெம்பில்லை, அதிலிருந்து நிமோனியா வரும். உதிர்கிற பண்டமும் அப்படித்தான். அம்மா கெட்டியான கஞ்சியை அரை ஸ்பூனாகக் கொடுக்கிறார்கள், நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. உனக்கு லேசாகச் சளி பிடித்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிவை.

பழைய மாணவர்கள் ஆக்சிஜன் மெஷினுக்குப் பணம் வசூலிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை நிறுத்தச் சொல். அவருக்கு மூச்சுத் தசைகள் ஓய்கின்றன, கரியமில வாயு வெளியே போகாமல் ரத்தத்தில் தேங்குகிறது. ஆக்சிஜனை மட்டும் திறந்தால் அது இன்னும் ஏறி மயக்கம்கூட வரலாம். அவருக்கு உதவுவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற பைபேப் மாஸ்க், அது வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் நின்றுவிடும் என்பதுதான் அம்மாவின் பயம். வசூலித்த பணத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கட்டும், மீதியில் எச்சில் உறிஞ்சும் சக்ஷன் மெஷின். தொண்டையில் துளைபோட்டு வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட விரல் இருக்கும்போதே. இப்படி முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி திறந்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து வேண்டும். நம் வக்கீல் நண்பனை உன்னோடு கூட்டி வா.

வாழ்க்கையில் எது முக்கியம் என்று அவரிடம் கேட்க ஆசை என்று எழுதியிருந்தாய். கேட்காதே. ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிஷம் செலவாகிற மனிதரிடம் பெரிய கேள்வி கேட்பது அவரை வதைப்பது. ஒரு சொல்லில் முடிகிற கேள்வியாகக் கேள், மிச்சத்தை நீ பேசு. அவரிடமிருந்து உனக்குள் நின்ற பாட்டு, திட்டு, பழக்கம் எது என்று சொல். எது முக்கியம் என்பதற்கு உன் போன வருஷ டைரியைப் புரட்டினால் போதும்: எந்த நாள் யாருக்குப் போயிற்று, அதில் எதை வேறொருவர் செய்திருக்கலாம் என்று பென்சிலால் குறித்துப் பார். மார்ச் கணக்கை உன் தம்பி பார்ப்பான், அவனுக்கு அது தெரியும். நானும் என் டைரியில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன், பாதிப் பக்கம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி வராதே, இரண்டு ராத்திரி தங்கு. ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மாஸ்க் விலகினால் மெஷின் கத்தும். அதை நீ பார்த்துக்கொண்டால் அம்மா தூங்குவார்கள். அவரோடு பேசக் காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம், அரை மணிக்கு மேல் நீட்டாதே. சனிக்கிழமை வேண்டாம், அன்று கூட்டம். அட்டையை ஏ3 அளவில் அடித்து லேமினேட் செய்துவிடு, பளபளப்பு இல்லாத தாளாகப் பார்த்து வாங்கு, டியூப்லைட் பட்டால் எழுத்து தெரியாது. டிக்கெட் எடுத்ததும் எழுது, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்